சாவி யார் பையில் இருக்கிறது?

ஜூலையில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீருக்குள் காரை இறக்கினேன். அதற்கான தண்டனை செப்டம்பரில்தான் வந்தது. மழைக்காலத்தில் அந்த இடம் குளமாகும் என்பது மும்பையில் கைக்குழந்தைக்கும் தெரியும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அன்று மாட்டுங்காவில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவன் நான். இருந்தும் முன்னால் போன டாக்ஸி தைரியமாகப் போகிறதே என்று பின்னாலேயே விட்டேன். பம்பர் உயரத்துக்கு அலை எழும்பி பானட்டில் அடித்தது. எஞ்சின் நிற்காமல் வீடு வந்து சேர்ந்ததில் ஏதோ சாதித்த நினைப்பு வேறு.

செப்டம்பரில் இடது பக்க ஹெட்லைட் தகராறு செய்ய ஆரம்பித்தது. போட்டதும் எரியும். இரண்டு நிமிஷத்தில் அணையும். அணைத்துப் போட்டால் மறுபடி எரியும். பிறகு போட்ட உடனே நாலைந்து முறை கண் சிமிட்டிவிட்டு அப்படியே படுத்துவிடும். கார் பழையது, மூன்றாவது கைக்கு வந்தது. ஆனால் விளக்கு மட்டும் பணக்கார வகை: செனான். வாங்கும்போது அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மயங்கினேன். ஒர்க்‌ஷாப்பில் காட்டியதில், ‘ஹெட்லைட் முழு செட்டாகத்தான் வரும், எழுபதாயிரம் ஆகும்’ என்றார்கள். காருக்கே நான் கொடுத்தது மூன்றே கால் லட்சம்.

சரி, நாமே பார்க்கலாம் என்று இறங்கினேன். கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். ஆனாலும் வீட்டில் டியூப்லைட் சோக் மாற்றுவது, மிக்ஸி கார்பன் மாற்றுவது எல்லாம் என் வேலைதான். இதுவும் கிட்டத்தட்ட சோக்தானே என்ற துணிச்சல்.

அந்த நினைப்பில் பாதி உண்மை. செனான் பல்புக்குள் டங்ஸ்டன் கம்பி கிடையாது. இரண்டு முனைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி, சுற்றிலும் குவார்ட்ஸ் கண்ணாடி, உள்ளே செனான் வாயுவும் உலோக உப்புகளும். அந்த இடைவெளியில் ஒரு குட்டி மின்னல் நிலையாக நிற்பதுதான் வெளிச்சம். 1991-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் முதலில் வந்தது இந்த வகை. மின்னலை மூட்ட இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓர் அடி வேண்டும். மூட்டிய பிறகு எரிய வைத்திருக்க 85 வோல்ட் போதும், பாதரசம் இல்லாத புது வகை பல்புகளுக்கு 42 வோல்ட். பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி இதையெல்லாம் சமைத்துக் கொடுக்கும் அலுமினியப் பெட்டிதான் பேலஸ்ட். டியூப்லைட்டில் சோக், ஸ்டார்ட்டர் இரண்டும் செய்யும் வேலையை இங்கே பேலஸ்ட், இக்னைட்டர் இரண்டும் செய்கின்றன. என் காரில் இருப்பது டி1எஸ் பல்பு. அதில் இக்னைட்டர் பல்பின் அடியிலேயே ஒட்டி வரும். டி2எஸ் என்றால் தனியாக இருக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கிங்குக்கு இறங்கினேன். எங்கள் சொசைட்டி பார்க்கிங் கட்டடத்துக்கு அடியில். பகலிலேயே விளக்கு வேண்டும். எஞ்சின் நின்றிருக்கிறது, ஹெட்லைட் ஸ்விட்ச் ‘ஆட்டோ’வில் இருக்கிறது, விளக்கு எரியவில்லை. ஆகவே எல்லாம் அணைந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோவும் அழிந்துபோகும் என்று அதைத் தொடவில்லை. ஸ்டார் பிட் செட்டை மேலே மறந்து வைத்துவிட்டு வந்ததால், பையனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து எடுத்து வரச் சொன்னேன். வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, கார் ரிமோட் எல்லாம் ஒரே கொத்தில்.

ஹெட்லைட்டின் பின் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டேன். இடம் ரொம்பக் குறுகல். கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் தடவிப் பார்க்க வேண்டும். பல்பு கப்ளரின், அதாவது வயர் இணைப்பின், பூட்டு விரலுக்குத் தட்டுப்பட்ட நேரம், பையன் லிஃப்டிலிருந்து வெளியே வந்து, எல்லாப் பிள்ளைகளும் செய்வதைப் போலத் தூரத்திலிருந்தே ரிமோட்டை அமுக்கினான். ‘டிக் டிக்’ என்று கதவு திறந்தது. கூடவே இரண்டு ஹெட்லைட்டுக்கும் கரன்ட் வந்தது. இருட்டில் வண்டியைத் திறந்தால் ஓனருக்கு வழி காட்ட விளக்கு தானே எரியும், அது இந்த வண்டியின் மரியாதை. வலது பக்கம் பளிச்சென்று எரிந்தது. இடது பக்கம் என் விரலுக்கு அரை அங்குலத்தில் ‘டட்... டட்... டட்’ என்று சொடுக்கியது. ஹெட்லைட்டின் பிரதிபலிப்புக் கிண்ணத்துக்குள் ஊதா நிறத்தில் ஒரு மினுக்கல். கையை வெடுக்கென்று இழுத்ததில் பானட் கொக்கியில் பட்டு மணிக்கட்டுக்கு மேலே கிழிந்தது. ஷாக் அடிக்கவில்லை. மூன்று தையல் போட்டார்கள், டாக்டரிடம் காய்கறி நறுக்கும்போது என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த வாரம் அண்டாப் ஹில்லில் மெக்கானிக் அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சயான் கோலிவாடா ஸ்டேஷன் ஜிடிபி நகர் என்று பெயர் மாறுவதற்கு முன்பே இங்கே வந்தவர், பத்மினி டாக்ஸிகளில் தொழில் படித்தவர். கையில் இருந்த கட்டைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார். திட்டவில்லை. “சாவி யார் பையில இருந்துச்சு தம்பி?” என்று மட்டும் கேட்டார். பையனிடம் இருந்தது என்றேன். “அப்ப உங்க உயிரும் அவன் கையிலதான் இருந்துச்சு.”

பத்மினியில் பிளக் வயரைத் தொட்டு அடி வாங்காத மெக்கானிக்கே கிடையாது என்பார். அதிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும். ஆனால் அது சுள்ளென்று கடித்துவிட்டு விடும் எறும்பு மாதிரி. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒரு தடவை சேர்த்து வைத்திருக்கும் சக்தி அவ்வளவுதான். பேலஸ்ட் அப்படியில்லை, பின்னாலிருந்து பேட்டரி ஊட்டிக்கொண்டே இருக்கும். பல்பு பற்றவில்லை என்றால் அது சும்மா இருக்காது, மறுபடி மறுபடி அடிக்கும். சில தடவை முயன்று பார்த்துவிட்டுத்தான் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். நான் கேட்ட ‘டட் டட்’ அதுதான். டி1எஸ் வகையில் பெரிய வோல்ட் பல்பின் அடிப்பாகத்துக்குள்ளேதான் பிறக்கிறது. ஆனால் பேலஸ்ட்டிலிருந்து வரும் கேபிளிலும் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். ஈரக் கைக்கும் ஈரத் தரைக்கும் அதுவே தாராளம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டாம் என்றும் சொன்னார். அவருடைய மச்சான் அப்படி ஒருவராம், ஷெட்டுக்கு வந்தால் டீக்கடை பெஞ்சில்தான் உட்கார வைப்பாராம்.

பிறகு வேலையை அவரே செய்தார், நான் டார்ச் பிடித்தேன். அவர் செய்த வரிசையில் ஒன்றைக்கூட மாற்ற எனக்குத் தைரியம் கிடையாது.

முதலில் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போடப் போனவர், கையை நிறுத்திக்கொண்டு, கீலெஸ் வண்டியா என்று கேட்டார். ஆமாம் என்றதும் பையனைக் கூப்பிட்டு எதிர் டீக்கடைக் கல்லாவில் கொடுத்து வரச் சொன்னார். கீலெஸ் வண்டிக்குச் சாவி பக்கத்தில் இருந்தாலே போதும், கதவுப் பிடியில் யார் கை பட்டாலும் விழித்துக்கொள்ளும். அடுத்து ஹெட்லைட் ஸ்விட்சை ‘ஆட்டோ’விலிருந்து திருப்பி பூஜ்யத்தில் வைத்தார். பானட்டைத் திறந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, அது துள்ளி மறுபடி தொட்டுவிடாமல் பழைய சைக்கிள் டியூபை அதன் மேல் சுற்றினார். மைனஸை முதலில் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. ப்ளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும். என் கல்யாண மோதிரத்தையும் கழற்றி வைக்கச் சொன்னார்.

“இப்ப டீ குடிப்போம்” என்றார். அவர் கணக்கு கால் மணி நேரம். பேலஸ்ட்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் கரன்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், அது வடிய வேண்டும். நல்ல பேலஸ்ட்டில் அதை வடிக்க உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும், சீக்கிரமே வடிந்துவிடும் என்று நான் படித்ததைச் சொன்னேன். “நாம கழட்டுறது நல்ல பேலஸ்ட்டா தம்பி?” என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பல்பு ஆறுவதற்கும் அந்த நேரம் தேவை. எரியும்போது அந்தக் குவார்ட்ஸ் பல நூறு டிகிரியில் இருக்கும்.

ஹெட்லைட்டை வண்டியில் வைத்துக்கொண்டே பேலஸ்ட்டைக் கழற்ற முடியும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். சில வண்டிகளில் முடியலாம். என் வண்டியில் பேலஸ்ட் ஹெட்லைட்டின் அடிவயிற்றில் இருந்தது. பம்பரின் மேல் கிளிப்புகளைத் தளர்த்தி, மேலே இரண்டு போல்ட்டும், சக்கர வளைவின் பிளாஸ்டிக்கை விலக்கி உள்ளே ஒன்றும் கழற்றினால் முழு ஹெட்லைட்டும் கையோடு வந்துவிடுகிறது. அரை மணி நேரம் கூடுதல் வேலை, ஆனால் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம். பம்பர் மேல் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டு, கண்ணாடி கீழே இருக்கும்படி அதைக் குப்புறப் படுக்க வைத்தார். லேசாகச் சாய்த்தபோது உள்ளேயிருந்து ஒரு டம்ளர் அழுக்குத் தண்ணீர் ஒழுகியது.

முதலில் பல்பைக் கழற்றி ஒதுக்கினார். கண்ணாடியை விரலால் தொடவே கூடாது, எண்ணெய்க் கை பட்ட இடம் சூட்டில் வெந்து பலவீனமாகிவிடும். அணைந்திருக்கும்போதே உள்ளே வாயு நல்ல அழுத்தத்தில் இருப்பதால், கையிலிருந்து நழுவினால் தெறிக்கும். சோடாபுட்டிக் கண்ணாடியோடு மேலே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டுதான் அதைத் தொட்டார். டி1எஸ், டி2எஸ் இரண்டிலும் கொஞ்சம் பாதரசம் உண்டு. உடைந்தால் பெருக்கக் கூடாது, எல்லோரும் வெளியே போய்க் காற்று வர விட்டுவிட்டு, பிறகு ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும்.

பேலஸ்ட்டில் இரண்டு கப்ளர்கள். 12 வோல்ட் உள்ளே வருவது ஒன்று, பல்புக்குப் போவது மற்றொன்று. உள்ளே வருவதை முதலில் பிடுங்கினார். வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டு நாக்கை அமுக்கி, கப்ளரின் உடம்பைப் பிடித்து ஆட்டி ஆட்டி. பத்து வருஷச் சூட்டில் அந்த நாக்கு மரவள்ளி அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. ஒன்று உடைந்தேவிட்டது.

மூன்று ஸ்டார் ஸ்குரூக்களில் இரண்டு வந்தன. மூன்றாவது அசையவில்லை. கடற்கரை ஊரின் சாபம் இது. அலுமினியப் பெட்டிக்குள் இரும்பு ஸ்குரூ, நடுவில் உப்புக் காற்றும் ஈரமும். இரும்போடு ஒட்டியிருந்த அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து இறுகியிருந்தது. நானாக இருந்தால் பலங்கொண்ட மட்டும் திருகி ஸ்குரூத் தலையை மழுங்கடித்திருப்பேன். அண்ணாச்சி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிட்டைப் பள்ளத்தில் வைத்து, சின்னச் சுத்தியலால் மூன்று தட்டு தட்டிவிட்டு, இன்னொரு வண்டிக்குப் பிரேக் பார்க்கப் போய்விட்டார். முக்கால் மணி கழித்து வந்து, முதலில் இறுக்கும் பக்கம் துளி திருப்பி, பிறகு தளர்த்தினார். ‘கிறீச்’ என்றது, வந்துவிட்டது. ஸ்குரூ போன பிறகும் பெட்டி ரப்பர் கேஸ்கட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் விளிம்பு உடையும். அப்புறம் அந்த எழுபதாயிரம்தான். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றைச் செருகிச் சுற்றிலும் அறுத்துக்கொண்டே வந்தார்.

கழன்று வந்த பேலஸ்ட்டின் கேஸ்கட் மேல் யாரோ ஏற்கெனவே சிலிக்கான் பூசியிருந்தார்கள். எனக்கு முந்தைய ஓனர் காலத்து வேலை. அண்ணாச்சி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பாத்ரூம் ஓரத்துக்குப் பூசுகிற வகை சிலிக்கான், பூசும்போது வினிகர் வாடை வரும். காயும்போது அசெட்டிக் அமிலம் கக்கும் சாதி அது. செம்புக்கும் சர்க்யூட்டுக்கும் ஆகாது. கப்ளர் பின்களில் பச்சை பூத்திருந்ததற்குத் தண்ணீர் பாதி காரணம், இந்தப் புண்ணியவான் பாதி காரணம்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. பேலஸ்ட்தான் கெட்டது என்று எப்படி முடிவு செய்தோம்? இதெல்லாம் கழற்றுவதற்கு முன்னால், அதே பேட்டரி, அதே டீ விதிகளோடு, இரண்டு பக்கத்துப் பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். கோளாறு பல்போடு சேர்ந்து வலது பக்கம் போயிருந்தால் பல்பு கெட்டது. இடது பக்கமே நின்றால் பேலஸ்ட் அல்லது வயரிங். நின்றது. வயரிங்கைப் பார்க்க, உள்ளே வரும் கப்ளரில் மல்டிமீட்டர் வைத்தேன், 12.4 காட்டியது. மீட்டர் பொய் சொல்லும் என்றார். துருப்பிடித்த ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், ஆனால் அந்த இழையால் சுமை தாங்க முடியாது. பேலஸ்ட் ஓடும்போது இழுப்பது மூன்றரை ஆம்பியர் சுமார், மூட்டும் நேரத்தில் அதைப் போலப் பல மடங்கு. பழைய ஹாலோஜன் பல்பு ஒன்றை அந்தக் கப்ளரில் வயர் வைத்து இணைத்தார். கண் கூச எரிந்தது. வயரிங் சரி. பல்பு பக்கத்துக் கப்ளரில் மட்டும் மீட்டர் முனையை வைக்க யோசிக்கவே கூடாது. நம் மீட்டர்கள் அறுநூறு, ஆயிரம் வோல்ட் வரைக்கும்தான்.

மாற்றுப் பேலஸ்ட்டுக்குக் குர்லா சிஎஸ்டி ரோடு போனோம். பழைய பேலஸ்ட்டின் லேபிளில் இருந்த நம்பரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். டி1எஸ் பேலஸ்ட்டும் டி3எஸ் பேலஸ்ட்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றுக்கு 85 வோல்ட், ஒன்றுக்கு 42. மூன்றாவது கடையில் கிடைத்தது, 3,800 ரூபாய். கடைப் பையன் சோதித்துக் காட்டுகிறேன் என்று பேலஸ்ட்டை மட்டும் பேட்டரியில் வைக்கப் போனான். பல்பு இல்லாமல் கரன்ட் கொடுத்தால் அடி எங்கே பாயும் என்று சொல்ல முடியாது, பேலஸ்ட்டும் சாகலாம். அண்ணாச்சி இந்தியில் ஓர் அதட்டல் போட்டதும் மேஜை மேல் ஒரு பல்பை மாட்டினான். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் வேடிக்கை பார்த்தேன். மூட்டிய கணம் வெல்டிங்கைப் பார்த்த மாதிரி இருந்தது. கிண்ணத்துக்கு வெளியே நிற்கும் அந்த மின்னலை நேராகப் பார்க்கக் கூடாதாம், புற ஊதாக் கதிரும் சேர்ந்து வரும். ரயிலில் வடாலா வரும்வரை எங்கே பார்த்தாலும் பச்சைப் புள்ளி. 55 வாட் கிட் ஒன்றையும் விற்கப் பார்த்தார்கள். 35 வாட்டுக்கு வார்த்த கிண்ணத்தில் அதைப் போட்டால் உள்ளே வெந்துபோகும், எதிரே வருகிறவனுக்கும் கண் தெரியாது.

மாட்டியதில் சொல்ல அதிகமில்லை. ஹெட்லைட் உள்ளே ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் பிடித்துக் காய வைத்தோம். கேஸ்கட் புதிது. பின்களைச் சுத்தம் செய்து, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தொட்டு வைத்தோம். ஸ்குரூக்களை விரல் பலத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். உடைந்த பூட்டுக்கு ஒரு கேபிள் டை. பின் மூடியின் ரப்பர் ஓரிடத்தில் மடிந்து கிடந்தது. தண்ணீர் வந்த வழி அதுதான். என்றைக்கோ பல்பு மாற்றியவர் அவசரத்தில் மூடியிருக்கிறார். மூடி உட்கார்ந்து ‘டக்’ என்ற பிறகுதான் பேட்டரி மைனஸை மாட்டினார், டீக்கடைக் கல்லாவிலிருந்து சாவி வந்தது. விளக்கு போட்டபோது யாரும் முன்னால் நிற்கவில்லை. லேசாக நீலமாகத் தொடங்கி, சில நொடிகளில் வெள்ளையாக நிலைத்தது.

இரவு சொசைட்டி மதில் சுவரில் இரண்டு வெளிச்சத்தையும் விழ வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு சாண் மேலே நின்றது. கழற்றி மாட்டினால் அப்படித்தான் ஆகும், ஸ்குரூவைத் திருகி இறக்க வேண்டும். கடிகாரம் பன்னிரண்டு மணி காட்டியது, கண்ணாடி ஜன்னல்கள் ஒரே அமுக்கில் ஏற மறுத்தன. கடிகாரத்துக்கு ஒரு நிமிஷம் ஆனது. ஜன்னலுக்கு, மேலே ஏற்றிய பிறகும் ஸ்விட்சைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் சோம்பல்பட்டுத்தான் முதல் ஞாயிறு பேட்டரியைக் கழற்றாமல் விட்டேன்.

அக்டோபர் கடைசி மழைக்கு மறுநாள் காலை பின் மூடியைத் திறந்து பார்க்கலாம் என்று கீழே இறங்கினேன். பாதிப் படியில் நின்று மேலே திரும்பி வந்து பையன் பையிலிருந்த சாவிக்கொத்தை வாங்கினேன். கார் ரிமோட்டை அதிலிருந்து கழற்றி பிரிட்ஜ் மேல் இருந்த எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டு, ஸ்பேனரோடு மறுபடி இறங்கினேன்.